சங்கிலி தெரியாத நாள்

கடிதம் வந்தபோது ஈவோ ப்ரேகல்மான்ஸ் என் வீட்டுக் கூரைமேல் இருந்தான். பிப்ரவரி காற்றில் ஓடுகள் நகர்ந்து, மச்சு அறையில் ஒழுக்கு. ஓடு மாற்ற எங்கள் ஊரில் அவனைத்தான் கூப்பிடுவோம். அவன் மனைவி க்ரீட் சைக்கிளில் வந்து இறங்கி, அண்ணாந்து பார்த்து, “உனக்குப் பதிவுத் தபால். கையெழுத்து நான் போட்டு வாங்கிட்டேன். எறங்கி வா” என்றாள்.

“நீயே படி.”

“இங்கேருந்தா? தெருவே கேக்கும்.”

“கை ஈரமா இருக்கு க்ரீட். படி.”

அவள் படித்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பத்து ஆண்டுகளுக்கு முன் ‘ஐந்து மணிக்கூண்டு’ சைக்கிள் பந்தயத்தின் முடிவில் ஈவோ கொடுத்த சிறுநீர் இரண்டு குப்பிகளில் அடைக்கப்பட்டது. முதல் குப்பி அன்றைக்கே சோதனையில் தீர்ந்துவிட்டது. இரண்டாவது குப்பி முத்திரை கலையாமல் உறைகுளிரில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிடிபடாத ஊக்கமருந்துகளைப் பிடிக்க இப்போது புதிய முறை வந்திருப்பதால், அந்தப் பந்தயத்தின் குப்பிகளை எடுத்து மறுபடி சோதிக்கப் போகிறார்கள். திறக்கும்போது அவன் நேரில் இருக்கலாம். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்.

ஈவோ கையிலிருந்த ஓட்டை அதன் இடத்தில் செருகி, இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு அடுத்த ஓட்டை எடுத்தான்.

ஈவோ யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடம் தொழில்முறைச் சைக்கிள் வீரனாக இருந்தவன். ஆனால் பெயர் வாங்கிய வீரன் இல்லை. அணியில் தண்ணீர் சுமப்பவன். பின்னால் வரும் காருக்குப் போய், சட்டைக்குள் முன்னும் பின்னும் தண்ணீர்ப் புட்டிகளைத் திணித்துக்கொண்டு, மறுபடி முன்னால் ஏறிப்போய், ஜெயிக்க வேண்டிய அணித் தலைவர்களுக்குக் கொடுப்பது அவன் வேலை. எதிர்க்காற்றில் அவர்களுக்கு முன்னால் நின்று மிதிப்பதும் அவன் வேலை. கடைசி ஏற்றம் வருமுன் அவன் சக்கை ஆகிவிடுவான், அதற்குத்தான் சம்பளம்.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு நாள் ஜெயித்தான். அதுவும் எங்கள் மண்ணில். பந்தயத்தின் கடைசி ஏற்றமான முயல்மேடு எங்கள் ஊர்ச் சர்ச்சுக்குப் பின்னால் தொடங்குகிறது. கருங்கல் பாவிய பாதை. மழை பெய்தால் சோப்புப் போட்டதுபோல் இருக்கும். அன்றைக்கு மழை. அடிவாரத்தில் அவன் தன் மூன்று தலைவர்களுக்கும் முன்னால் நின்று இழுத்துக்கொண்டு வந்தான். பாதி மேட்டில் வழக்கம்போல் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒதுங்கவில்லை. வேண்டுமென்றே முந்தியதுபோலவும் தெரியவில்லை. அவன் பாட்டுக்குப் போனான், மற்றவர்கள் பின்னால் குறைந்துகொண்டே வந்தார்கள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என்னைக் கடந்தபோது அவன் வாய் மூடியிருந்தது. முயல்மேட்டில் வாயை மூடிக்கொண்டு ஏறிய ஒருவனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் நின்ற காய்கறிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார், சர்ச்சுக்குள் கழற்றுவதுபோல.

அந்த வாரமே ஹோதலீவ நடத்தும் மதுக்கடையில் ‘ஈவோவின் நண்பர்கள்’ சங்கம் தொடங்கினோம். எழுதப் படிக்க அலுக்காதவன் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். மேட்டின் உச்சியில் அவன் பெயர் பொறித்த கல் ஒன்றை நட்டோம். ஈவோவோ அடுத்த இரண்டாவது வருடமே பந்தயத்தை விட்டுக் கூரை வேலைக்கு வந்துவிட்டான். சங்கத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் குனிந்து மேசையைப் பார்ப்பான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு அந்த அணியின் கதை நாறியது. ஊக்கமருந்து கொடுத்ததாக டாக்டர்மேல் வழக்கு. மூன்று தலைவர்களும் ஒருவர்பின் ஒருவராகத் தொலைக்காட்சியில் அழுதார்கள். வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிட்டு, சாப்பாடு கட்டிக்கொடுத்து, ஊசியும் போட்ட ஃபிர்மின் கிழவர், ‘ஆமாம், போட்டேன்’ என்று நீதிபதி முன்னால் சொல்லிவிட்டார். ஈவோவை யாரும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் சுமந்தவன் யாருக்கு ஞாபகம் இருப்பான்?

இப்போது குப்பிக்கு ஞாபகம் இருந்தது.

கடிதச் செய்தி மாலைக்குள் ஹோதலீவ கடைக்குப் போய்விட்டது. எங்கள் சங்கத்து ஆள், செம்பட்டை முடி ஸ்டாஃப், எனக்காகவே காத்திருந்தான்.

“என்னய்யா செயலாளரே, சங்கத்துக்குப் புதுப் பேரு யோசிச்சாச்சா? ரெண்டாவதா வந்தவன் ஒரு பிரெஞ்சுக்காரன். ‘பிரெஞ்சுக்காரனின் நண்பர்கள்’னு வெச்சிடலாம்.”

“வாயக் கழுவுடா.”

“நான் என்ன தப்பா சொன்னேன்? அந்தக் கல்லத் திருப்பி நட்டா பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. புதுக் கல்லு கூட வேணாம்.”

ஹோதலீவ மேசையைத் துடைத்துக்கொண்டே, “ஸ்டாஃப், அன்னிக்கு ஈவோ ஜெயிச்சப்ப நீ என் கடை வாசல்ல உக்காந்து குழந்த மாதிரி அழுத. அதையும் திருப்பி நட முடியுமா?” என்றாள்.

ஸ்டாஃப் தன் கோப்பைக்குள் பார்த்தான். “அதான்டி கேக்குறேன்” என்றான். “நான் எதுக்கு அழுதேன்னு எனக்குத் தெரியணும்ல?”

துணைக்கு வரச்சொல்லி ஈவோ என்னைத்தான் கேட்டான். க்ரீட் வர மறுத்துவிட்டாள். “குப்பியில என்ன இருந்தா எனக்கென்ன? எது இருந்தாலும் சனிக்கிழமை குப்பைய நீதான் வெளிய வெக்கப்போற” என்றாளாம். அவள் அன்பைச் சொல்லும் முறை அது.

ஆய்வகத்துக்கு என் காரில் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் ஏறியபிறகு, “ரெமி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றான். “உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது.”

எனக்குப் புரியவில்லை. “மருந்து போட்டியா, போடலையா? அது எப்படித் தெரியாம போகும்?”

“அன்னிக்குக் காலைல ஃபிர்மின் எல்லாருக்கும் ஊசி போட்டாரு. எனக்கும் போட்டாரு. எப்பவும் போடுறதுதான், ‘வைட்டமின்’னு சொல்வாரு. நான் கையக் காட்டுவேன், அவ்வளவுதான்.”

“என்னன்னு கேக்க மாட்டியா?”

“கேட்டா பதில் வந்துடுமே.”

மழைத் துடைப்பான் போய்ப் போய் வந்தது. அவன் தொடர்ந்தான். “எட்டு வருஷம் மிதிச்சேன் ரெமி. ஒவ்வொரு நாளும் வலிச்சுது. வலிதான் தொழில். அன்னிக்கு மட்டும் சங்கிலி தெரியல.”

சைக்கிள்காரர்கள் பேச்சு அது. சங்கிலி கழன்ற சைக்கிளில் பெடல் எப்படிச் சும்மா சுற்றுமோ, அப்படிக் கால் எடையில்லாமல் சுற்றும் நாளைச் ‘சங்கிலி தெரியாத நாள்’ என்பார்கள். பெரிய வீரர்கள் வருடத்துக்கு இரண்டு முறை சொல்வார்கள். பெருமையாகச் சொல்வார்கள்.

“மேட்டுல பாதி ஏறினப்புறம் குனிஞ்சு பாத்தேன், நெஜமாவே சங்கிலி இருக்கான்னு. இருந்துச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது நான் இல்ல, காலைல போட்ட ஊசின்னு. எனக்கு எப்படிடா அப்படி வரும்? நான் தண்ணி தூக்குறவன்.”

“அப்ப எல்லைக் கோட்டைத் தாண்டிக் கையத் தூக்கினியே...”

“தூக்கல. நீ போட்டோவ நல்லாப் பாரு. எல்லாரும் தூக்குவாங்க, நான் ஹேண்டில்பாரைப் பிடிச்சிட்டிருப்பேன்.”

யோசித்துப் பார்த்தேன். கடைச் சுவரில் தொங்கும் படத்தில் அவன் கை கீழேதான் இருக்கிறது.

“பட்டம் போனாப் போகட்டும்” என்றான். “பிரெஞ்சுக்காரனே வெச்சுக்கட்டும். அந்த மேடு இருக்கு பாரு, அடியிலேருந்து உச்சி வரைக்கும், அது யாரு ஏறினதுன்னு மட்டும் எனக்குத் தெரியணும். என் வாழ்க்கையில நல்லா இருந்தது அது ஒண்ணுதான். அதுவும் என்னுது இல்லன்னா, இல்லன்னு சொல்லிடட்டும்.”

ஆய்வகத்தில் எங்களை வெள்ளை மேலங்கி போட்ட ஒரு பெண் வரவேற்றார். அன்னலைன் என்று பெயர். நாற்பது வயது இருக்கலாம். மரியாதையாகப் பேசினார், சிரிக்கவில்லை. ஒரு சிறிய அறை, நடுவில் எஃகு மேசை. அதன்மேல் வெண்பனி பூத்த ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான்.

“குப்பியோட நம்பரைச் சரிபாருங்க. மூடி அசைஞ்சிருக்கா, கண்ணாடியில கீறல் இருக்கான்னும் பாத்துக்கோங்க” என்றார்.

ஈவோ குனிந்தான். தொடவில்லை. அவன் மூச்சுப் பட்ட இடத்தில் பனி இளகி, உள்ளே உறைந்திருந்தது கொஞ்சம் தெரிந்தது. அடர்ந்த தேன் நிறம்.

“இது... அன்னிக்குள்ளதா?” என்றான்.

“ஆமா. அன்னிக்கு நீங்க இறங்கி வந்து குடுத்தது.”

நானும் பார்த்தேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அந்த மழை போய்விட்டது. அன்று கத்தியவர்களில் சிலர் இப்போது சர்ச்சுக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள், காய்கறிக்காரர் உட்பட. ஈவோவின் தலையில் நரை வந்துவிட்டது. அந்த மதியத்தில் ஒரு துளி மட்டும் கெடாமல், எதையும் மறக்காமல், இருட்டில் குளிரில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்திருக்கிறது. நாங்கள் விருந்து வைத்தோம், பாட்டுப் பாடினோம், கல் நட்டோம். இது ஒன்றும் பேசவில்லை. கேட்டால் சொல்வதற்காக வைத்திருந்தது.

உருகும்வரை காத்திருந்தோம். உருகியதும் அன்னலைன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ரொம்ப அடர்த்தியா இருக்கு. அன்னிக்கு நீங்க தண்ணியே சரியாக் குடிக்கல போல.”

ஈவோ முதல் முறையாகச் சிரித்தான். “தண்ணி பூரா நான்தாங்க தூக்கிட்டுப் போனேன். எல்லாம் அவங்களுக்கே சரியாப் போச்சு.”

அந்த மூடியைக் கையால் திறக்க முடியாது. ஒரு திசையில் மட்டும் திரும்பும் பல் வளையம்; மூடியபின் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு சிறு அழுத்தப்பொறி. அன்னலைன் குப்பியைப் பொருத்திப் பிடியை இறக்கினார். சடக்கென்று ஒரு சத்தம். ஈவோ கண்ணை மூடிக்கொண்டான். அவர் பாதியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, மீதியைப் புதுக் குப்பியில் ஊற்றி, அவன் கண் முன்னாலேயே முத்திரையிட்டார். பதில் வரக் கொஞ்ச நாள் ஆகும் என்றார்.

வாசல்வரை வந்த ஈவோ திரும்பிப் போய், “ஏங்க, ஒண்ணும் இல்லன்னாலும் சொல்வீங்கல்ல? இருந்தாத்தான் சொல்வோம்னு இல்லையே?” என்று கேட்டான்.

“சொல்லச் சொல்றேன்” என்றார் அன்னலைன். அப்போது அவர் முகம் கொஞ்சம் மாறியது.

ஈஸ்டருக்குப் பிறகு பதில் வந்தது. ஒன்றும் இல்லை. புதிய முறையிலும் எதுவும் அகப்படவில்லை. அதே பந்தயத்தின் வேறு குப்பிகளில் அகப்பட்டது என்று பின்னால் செய்தித்தாளில் பார்த்தோம். அந்தச் சனிக்கிழமை சங்கத்தின் வருடாந்திர விருந்து. கோழி, பொரித்த உருளைக்கிழங்கு, ஆப்பிள் மசியல். நான் மேடையேறிச் செய்தியை வாசித்து முடிப்பதற்குள் மேசைகளைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். செம்பட்டை ஸ்டாஃப் நாற்காலிமேல் ஏறி, “நான் அப்பவே சொன்னேன்ல!” என்று கத்தினான். ஹோதலீவ அவன் காலைப் பிடித்து இழுத்து, “என்னடா சொன்ன? கல்லத் திருப்பி நடச் சொன்ன” என்றாள்.

ஈவோ எழுந்து நன்றி சொன்னான். சமையலறைக்குள் போய்விட்டான். நான் பின்னாலேயே போனேன். தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“என்னடா, இன்னும் என்ன?”

“ஊசி போட்டாரு ரெமி. நான் பாத்தேன், போட்டாரு. அவங்களுக்கு இன்னும் கண்டுபிடிக்கத் தெரியாத ஏதாவதா இருந்தா?”

“பத்து வருஷம் கழிச்சுக் கண்டுபிடிக்க முடியாதது என்னடா இருக்கு?”

“பத்து வருஷத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் சொன்னாங்க.” தட்டைக் கவிழ்த்து வைத்தான். “நாளைக்கு என்னை ஃபிர்மின்கிட்டக் கூட்டிட்டுப் போறியா?”

ஃபிர்மின் இப்போது கடற்கரைப் பக்கம் முதியோர் இல்லத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் காப்பி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிஸ்கட்டைக் காப்பியில் முக்கிக்கொண்டிருந்தார். உடம்பு வற்றிவிட்டது. கைகள் மட்டும் வற்றவில்லை. ரொட்டிக்காரன் கைபோல் அகலமாகவே இருந்தன. ஈவோவைப் பார்த்ததும் பிஸ்கட் காப்பியில் விழுந்துவிட்டது.

“ஈவோவா? வாடா, வா. என்னைக் கொல்லவா வந்த? கொஞ்சம் பொறு, இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கிறேன்.”

“கொல்ல வரல. கேக்க வந்தேன். மணிக்கூண்டுப் பந்தயம் அன்னிக்குக் காலைல எனக்கு என்ன ஊசி போட்டீங்க?”

“உனக்கா?” ஃபிர்மின் அவனையே பார்த்தார். “உனக்கு என்னத்தடா போடுவேன்? பி வைட்டமின்தான்.”

“ஃபிர்மின், நீதிபதி இங்க இல்ல. நெஜத்தச் சொல்லுங்க.”

“அதாண்டா நெஜம். நல்ல சரக்கு மூணு பேருக்குத்தான் வரும். டாக்டர் எண்ணித்தான் குடுப்பான். தண்ணி தூக்குறவனுக்கு எவன்டா அதைப் போடுவான்? நீ ஏற்றம் வர்றதுக்கு முன்னாடியே ஒதுங்கிப்போற ஆளு. கோபிச்சுக்காத தம்பி, ஆனா உம்மேல போட்டா அது வீண்.”

 ஃபிர்மின் முன்னால் சாய்ந்தார்.

“சரி, இப்ப நான் கேக்குறேன், நீ சொல்லு. நீ எவன்கிட்ட வாங்கினே?”

“என்ன வாங்கினேன்?”

“நடிக்காதடா. நான் அன்னிக்கு மேட்டு உச்சியில புட்டியோட நிக்குறேன். கீழ பாக்குறேன். நான் ரொப்பிவிட்ட மூணு பேரும் வாயப் பொளந்துக்கிட்டுத் தள்ளாடி வர்றானுங்க. அவனுங்களுக்கு முன்னாடி நீ வர்ற. மூச்சே வாங்கல.  முப்பது வருஷமா வீரனுங்க காலப் பிடிச்சுவிடுறவன் நான். போட்டவன், போடாதவன், பெரியவன், சின்னவன் எல்லாத்தையும் பாத்திருக்கேன். அப்படி ஒருத்தன் ஏறி நான் பாத்ததில்ல. பய வேற எவன்கிட்டயோ எங்க யாருக்கும் கிடைக்காத புதுச் சரக்கு வாங்கிப் போட்டிருக்கான்னு முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அதத்தான் நெனச்சிட்டிருக்கேன். கோர்ட்டுல உன் பேர நான் சொல்லல பாரு. அது என்ன சரக்குன்னாவது இப்பச் சொல்லு.”

“நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கல.”

“டேய்.”

“குப்பியைத் திறந்து பாத்துட்டாங்க ஃபிர்மின். ஒண்ணும் இல்ல.”

நான் ஆய்வகத்தின் பதிலைச் சொன்னேன், முழுவதும் சொன்னேன். கிழவர் என்னையும் ஈவோவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஊசியில் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். வேறு யாரிடமும் வாங்கவில்லை என்று ஈவோவுக்குத் தெரியும். ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பத்து வருடம் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். இரண்டு பாதியும் இப்போதுதான் ஒரே அறைக்கு வந்தன. 

“அப்ப...” என்றார் ஃபிர்மின். 

ஈவோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பார்க்க நான் அந்தப் பக்கம் போகவில்லை.

“இங்க வா” என்றார் ஃபிர்மின். “உக்காரு. கால்சட்டையத் தூக்கு.”

“எதுக்கு?”

“தூக்குடான்னா.”

ஈவோ எதிரே உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, காலைக் கிழவரின் மடியில் வைத்தான். ஃபிர்மின் இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பிடித்தார். கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, கணுக்காலிலிருந்து மேலே போனார். மறுபடி கீழே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ ஒளித்துவைத்ததைத் தேடுவதுபோல, ஒவ்வொரு நரம்பாக, ஒவ்வொரு தசையாக.

“இது சாதாரணக் கால்டா” என்றார் கடைசியில், ரகசியம் பேசும் குரலில். “அன்னிக்குக் காலைலயும் நான்தான் பிடிச்சுவிட்டேன். அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

“தெரியும்.”

“பின்ன எங்கேருந்துடா வந்துச்சு?”

“தெரியல ஃபிர்மின்” என்றான் ஈவோ. அவன் முகத்தில் முயல்மேட்டில் என்னைக் கடந்தபோது இல்லாத ஒரு பயம் இருந்தது, சர்ச்சுக்குள் நிற்பவனின் பயம்போல, நல்ல பயம். “எனக்குத் தெரியல.”

கிழவர் தலையசைத்தார். காலை விடவில்லை. பணிப்பெண் காப்பிக் கோப்பைகளை எடுத்துப்போக வந்தபோதும், அந்த அகலமான கைகள் அந்தக் காலை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டே இருந்தன.